தயாரிப்பு ஸ்பெக் எழுதித் தரும் சேவை: 5க்கு மூன்றரை, காரணத்தோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த பணம் வீண் இல்லை. ஆனால் ஐந்து நட்சத்திரமும் போட மனசு வரவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் கீழே குறையும் நிறைய வரும், அதில் பாதியை அவர்களே பிறகு சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். ஒரு பொருளை ஃபேக்டரி செய்வதற்கு வேண்டிய அளவு, பாகம், விதி எல்லாவற்றையும் (அதுதான் ஸ்பெக்) எழுதித் தரும் இந்த மாதிரி சேவை எடுக்க நினைப்பவர்கள் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று புரிந்தால் எனக்குப் போதும்.

என் பொருள் சின்னதுதான். மேஜை விளிம்பிலோ கட்டில் தலைமாட்டிலோ கவ்விக்கொள்ளும் ஒரு படிப்பு விளக்கு. ஒரு 18650 செல் (சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி), யுஎஸ்பி-சி சார்ஜிங், ஆறு எல்இடி, வளையும் கழுத்து, கிளிப். உடம்பை 3டி பிரிண்டரில் அடித்து, நானே சால்டர் வைத்து, 40 விளக்கு செய்து கொடுத்திருந்தேன், எதுவும் திரும்பி வரவில்லை. 2000 வேண்டும் என்று ஆனபோது ஒரு ஃபேக்டரிக்கு 3டி ஃபைல், நாலு போட்டோ, ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் அனுப்பினேன். "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஸ்பெக் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் பதில். நான் அனுப்பியது ஸ்பெக் இல்லாமல் வேறென்ன என்று அன்றைக்குக் கோபம்கூட வந்தது. இப்போது புரிகிறது. என் விளக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். எந்த அளவு எவ்வளவு வரை மாறலாம், எதைத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் ஒருவனே செய்தவரை அது என் கையிலும் கண்ணிலும் இருந்தது, யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை.

அதனால்தான் இந்தச் சேவைக்குப் போனேன். பாகம் வாரியாக ட்ராயிங், பாகப் பட்டியல் (பிஓஎம் என்பார்களே, அதுதான்), பிசிபி (சர்க்யூட் போர்டு) ஃபைல்கள், அசெம்பிளி வரிசை, சோதனை முறை, எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்ற விதி, பேக்கிங், இவ்வளவும் ஒரே கட்டாகத் தருவதாகப் பேச்சு. நாலு வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. அதில் ஒரு வாரம் நான் பதில் போடாமல் இழுத்தது, அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

இவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது ட்ராயிங் இல்லை, அதற்கு முன்னால் வந்த கேள்விகள். முதல் வாரமே ஒரு ஷீட்டில் 61 கேள்வி வந்தது. பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது, வேலையை எழுதிக் கொடுங்கள் என்றால் என்னையே பரீட்சை எழுதச் சொல்கிறார்களே என்று. பத்தாவது கேள்வி தாண்டும்போது எரிச்சல் போய் பயம் வந்துவிட்டது. "டிஃப்யூசரை ஒட்டும்போது எவ்வளவு பசை? எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்? எதால் பிடிக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி (டிஃப்யூசர் என்றால் எல்இடி மேல் வெளிச்சத்தைப் பரப்பும் மூடி). உண்மையான பதில், ஒரு சொட்டு வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடியும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பேன் என்பதுதான். இதை எந்த ஃபேக்டரிக்கு எழுதி அனுப்புவது? அவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, பாட்டு சராசரியாக நாலு நிமிடம், 2000 விளக்குக்கு 8000 நிமிடம் கட்டைவிரல் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பசையையே எடுத்துவிட்டு டிஃப்யூசரை நாலு கொக்கியில் சொடுக்கி மாட்டும்படி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்பெக் எழுதுவது என்றால் இருப்பதை அப்படியே காகிதத்தில் ஏற்றுவது என்று நினைத்திருந்தேன், இப்படி எழுத உட்காரும்போது எழுத முடியாத வேலை எல்லாம் டிசைனிலிருந்தே கழன்று போகும் என்று நினைக்கவே இல்லை.

வீடியோ காலில் அவர்களுடைய பொறியாளர் என் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டரி மூடியைக் கழற்றினார், திருப்பினார், தலைகீழாக மாட்டினார். அது டக்கென்று உட்கார்ந்தது. "சார், இது எதிர்ப்பக்கமா போட்டாலும் மாட்டிக்குது, பார்த்தீங்களா?" என்றார். 40 விளக்கு செய்தவன் நான், ஒரு தடவைகூட அதை எதிர்ப்பக்கமாகப் போட்டுப் பார்த்ததில்லை. அப்படிப் போட்டால் ஸ்பிரிங் செல்லைத் தொடாது, விளக்கு எரியாது, வாங்கியவர் பழுது என்று திருப்பி அனுப்புவார். மூடியின் ஒரு ஓரத்தில் 2 மி.மீ. நாக்கு ஒன்று சேர்த்தார், விஷயம் முடிந்தது.

பிளாஸ்டிக் பற்றி என் அறிவு பூஜ்யம் என்பதும் அந்த வாரமே தெரிந்தது. 3டி பிரிண்டில் சுவரை 4 மி.மீ. தடிமனாக, செங்குத்தாக வைத்திருந்தேன், உறுதியாக இருக்கட்டும் என்று. ஃபேக்டரியில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்திச் செய்வார்கள், அந்த மோல்டில் அது நடக்காது. சூடான ஏபிஎஸ் (என் விளக்குக்கான பிளாஸ்டிக்) அச்சுக்குள் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும், தடிமனான இடம் கடைசியில் ஆறும், அங்கே மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழும். அதனால் சுவரை 2.5 மி.மீ. ஆக்கி, உறுதிக்கு உள்ளே விலா மாதிரி ரிப் கொடுத்தார்கள், ரிப்பின் தடிமன் சுவரில் 60 சதவீதத்துக்குள், அதாவது 1.5 மி.மீ. அதற்கு மேல் போனால் ரிப் இருக்கும் இடமெல்லாம் வெளிப்பக்கம் கோடு தெரியும். பாகம் அச்சிலிருந்து உராயாமல் கழன்று வர 1.5 டிகிரி சாய்வு, சொரசொரப்பு வைத்த பக்கத்துக்கு இன்னும் கூடுதல். இதை எல்லாம் சொல்லிப் புரியவைத்தே செய்தார்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மூடி மறைக்கவில்லை. அதற்கு ஒரு முழு நட்சத்திரம்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் அவர்கள் பிடித்த ஒன்றுக்காகவே கட்டணம் செரித்துவிட்டது. யுஎஸ்பி-சி சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு கால் உண்டு. சார்ஜ் வாங்கும் பொருளில் அந்த இரண்டுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து கிரவுண்டோடு (சர்க்யூட்டின் மைனஸ் பக்கம்) இணைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். நான் அதை வைக்கவே இல்லை. என்னிடம் இருந்தது பழைய ஏ-டு-சி கேபிள், அது கேட்காமலே 5 வோல்ட் கொடுத்துவிடும், அதனால் 40 விளக்கும் என் மேஜையில் அழகாகச் சார்ஜ் ஆகின. இரண்டு பக்கமும் சி இருக்கும் கேபிளில் ஒன்றுகூட ஆகியிருக்காது. 2000 போர்டு அடித்த பிறகு இது தெரிந்திருந்தால்? யோசிக்கவே வேண்டாம். (பெரிய இடத்திலும் இது சறுக்கும் என்பது ஓர் ஆறுதல், 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் முதல் போர்டுகளில் இந்த இரண்டு காலுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பங்கு போட்டதால் சில கேபிள்களில் மின்சாரம் ஏறாமல் போய், பிறகு திருத்தினார்கள்.)

பாகப் பட்டியலும் நன்றாகவே வந்தது. என் பட்டியலில் "18650 செல், 1" என்று இருந்தது. அவர்கள் கேட்டது, பாதுகாப்பு சர்க்யூட் செல்லிலேயே இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்று. பெயரிலேயே இருக்கிறபடி 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், ஆனால் பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய செல் 69 மி.மீ. வரை நீளும். என் விளக்கில் செல் உட்காரும் இடத்தின் நீளம் 66 மி.மீ. யாராவது பாதுகாப்பானது நல்லதுதானே என்று அதை வாங்கிப் போட்டிருந்தால் மூடியே மூடாது. இப்போது பட்டியலில் செல்லின் தயாரிப்பாளர், பாக எண், மாற்று ஒன்று, யுஎன் 38.3 சோதனை அறிக்கை கட்டாயம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கிறது, அந்த அறிக்கை இல்லாமல் லித்தியம் செல் இருக்கும் சரக்கை அனுப்புவதே சிக்கல். அதே மாதிரி "10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்" என்று நான் சும்மா எழுதியதற்கு வோல்டேஜ் என்ன, செராமிக் வகை என்ன என்று துளைத்தார்கள், மலிவான செராமிக் கெபாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடுமாம். "அல்லது இணையானது" என்று நான் ஏழு இடத்தில் எழுதியிருந்தேன், ஏழையும் அடித்துவிட்டார்கள். இணையா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்று ஒரு வரி பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள், அதுவும் சரிதான்.

சரி, இனி குறை.

ட்ராயிங்கின் மூலையில் "குறிப்பிடாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768-எம்" என்று எல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருந்தார்கள். 6 முதல் 30 மி.மீ. வரையான அளவு ±0.2 மாறலாம், 30 முதல் 120 வரையானது ±0.3 மாறலாம் என்று போகும் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம் என்ற எல்லை) அட்டவணை அது. பார்க்கத் தொழில்முறையாக இருந்ததால் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். ஃபேக்டரியின் மோல்டு ஆள் போன் செய்து, இது கடைசல் பிடித்த உலோகத்துக்கும் தகட்டு வேலைக்கும் எழுதினது, மோல்டு பாகத்துக்கு எப்படிப் போடுவது என்று கேட்டார். அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியம். 30 மி.மீ. ஆழமுள்ள உடம்பு, 1.5 டிகிரி சாய்வு, அப்படியானால் மேல் வாயில் இருக்கும் அகலமும் அடியில் இருக்கும் அகலமும் ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மி.மீ. வித்தியாசம். அளவு ±0.2-க்குள் இருக்க வேண்டும் என்கிறீர்களே, எந்த இடத்தில் அளக்க? ட்ராயிங்கில் பதில் இல்லை. சாய்வு வைத்தது அவர்கள், டாலரன்ஸ் போட்டது அவர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தது யாரும் இல்லை. பழைய உலோக வேலை ஒன்றின் மூலையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பிளாஸ்டிக் மோல்டு பாகத்துக்கு என்றே ஐஎஸ்ஓ 20457 இருக்கிறது, இரண்டாவது திருத்தத்தில் அதைப் போட்டு, அளக்கும் இடத்தையும் குறித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் இதை ஃபேக்டரி சொல்லி நான் சொல்லி அவர்கள் திருத்துவது என்றால் அப்புறம் எதற்கு அவர்கள்?

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ட்ராயிங்கில் மொத்தம் 74 அளவு இருந்தும், அதில் ஆறுக்கு மட்டும் வட்டம் போட்டு, இந்த ஆறை மட்டும் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் செய்து தரும் தொகுதி) அளந்து எழுத வேண்டும் என்று வைத்தது நல்ல வேலை. எல்லாம் முக்கியம் என்று சொன்னால் யாரும் எதையும் அளக்க மாட்டார்கள். கிளிப்பின் சுழலச்சுத் துளைக்கு ஒரு போகும்-போகாது கேஜும் வரைந்து கொடுத்தார்கள். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது, வெர்னியர் பிடிக்கத் தெரியாதவரும் சோதிக்கலாம்.

பெரிய கோபம் எனக்கு எல்இடியில்தான். முன்னோட்டமாக 50 விளக்கு செய்து பார்த்தோம். பெட்டியைத் திறந்து, ஐந்தை வரிசையாக வைத்துப் போட்டேன். இரண்டு லேசாக ரோஜா நிறம், ஒன்று பச்சை அடித்தது, மற்ற இரண்டும் நான் நினைத்த மஞ்சள். தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது, பக்கத்தில் வைத்தால் அசிங்கம். ஸ்பெக்கில் "3000 கெல்வின்" என்று (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) மட்டும் எழுதியிருந்தார்கள். அமெரிக்க ஆன்சி தரப்படி 3000 என்ற பெயரில் விற்கும் எல்இடி 3045-க்கு 175 கூட்டியோ குறைத்தோ இருக்கலாம், அதாவது 2870-லிருந்து 3220 வரை எதுவும் சரியே, அதற்குள் பச்சைப் பக்கமும் ரோஜாப் பக்கமும் வேறு சாயலாம். எல்இடி செய்பவர்கள் இதனால்தான் நிறம், பிரகாசம், வோல்டேஜ் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் "பின்" (bin) என்று ஓர் எண் போட்டு விற்கிறார்கள், எந்த பின் வேண்டும் என்று வாங்குபவர் சொல்லாவிட்டால் கையில் கிடைத்ததை அனுப்புவார்கள், ஃபேக்டரி மேல் தப்பே இல்லை. 1942-இல் டேவிட் மெக்ஆடம் என்பவர் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு நிறமாற்றம் தெரியும் என்று அளந்து நீள்வட்டங்களாக வரைந்தார், இன்றைக்கும் அதன் படிகளில்தான் இந்த வித்தியாசத்தைக் குறிக்கிறார்கள். மூன்று படிக்குள் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும். விளக்குக்கு ஸ்பெக் எழுதுகிறவர்கள் வெளிச்சத்தை விட்டுவிடுவது என்றால் என்ன சொல்ல! கெபாசிட்டருக்குத் துளைத்த துளைப்பை இதற்கும் துளைத்திருக்கலாம்.

தோற்றம் சம்பந்தப்பட்ட எதிலும் இதே கதைதான் என்பது பிறகு புரிந்தது. எண்ணால் சொல்ல முடிந்ததில் கில்லாடிகள், கண்ணால் பார்ப்பதில் "கீறல் இருக்கக் கூடாது", "நல்ல முடிப்பு" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கீறல் இல்லாத பிளாஸ்டிக் உலகத்தில் உண்டா? எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் பார்த்து? சோதிக்கிறவர் கண்ணாடிக்காரராக இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் ஒரு முடிவு. சாம்பிள் எடுக்கும் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 2000 உள்ள லாட்டுக்கு வழக்கமான நிலையில் 125 எடுத்துப் பார்க்க வேண்டும், பெரிய குறை 1.0 என்ற ஏற்பு எல்லையில் (ஏக்யூஎல் என்பார்கள்) மூன்று வரை ஏற்கலாம், நாலு வந்தால் லாட் திரும்பும், சின்னக் குறை 2.5-இல் ஏழு வரை ஏற்கலாம், எட்டு என்றால் திரும்பும், ஆபத்தான குறை ஒன்றுகூடக் கூடாது. நல்லது. ஆனால் எது பெரியது எது சின்னது என்று சொல்லும் பட்டியல் வேறு ஏதோ பொருளுக்கு எழுதியது, அதில் "துணி நூல் பிரிதல்" என்று ஒரு வரி. என் விளக்கில் துணியே இல்லை! திருத்தச் சொன்னதும், முன்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று மூன்றாகப் பிரித்து, கை நீட்டும் தூரத்தில் 5 நொடி பார்த்துத் தெரிந்தால் மட்டும் குறை என்று எழுதி, ஏற்கலாம் என்பதற்கு ஒன்று, தள்ளலாம் என்பதற்கு ஒன்று என நிஜ சாம்பிள்களில் நாங்கள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்தோம். அதற்கப்புறம் சண்டை வரவில்லை.

கடைசியாக ஸ்க்ரூ. முன்னோட்டத்தில் கட்டிய ஒருவர், முன் முகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எழும்புகிறது என்று காட்டினார். தடவிப் பார்த்தால் மேடு தட்டியது. ஸ்க்ரூவின் முனை உள்ளிருந்து சுவரை முட்டி, பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறது. ட்ராயிங் மூன்றாம் திருத்தம், அதில் 8 மி.மீ. ஸ்க்ரூ. பாகப் பட்டியல் இரண்டாம் திருத்தம், அதில் 10 மி.மீ. ஒரே மின்னஞ்சலில் ஒரே கட்டாக வந்த இரண்டு ஃபைல். மாற்றக் குறிப்பு எழுதும் முறை அவர்களிடம் நன்றாகவே இருக்கிறது, எது எப்போது ஏன் மாறியது என்று தேதியோடு வரும், ஆனால் மாறின பாகம் எந்தெந்த ஆவணத்தில் எல்லாம் இருக்கிறது என்று தேடுவது இன்னும் ஆள் கையால்தான் நடக்கிறது போலிருக்கிறது. கட்டு வந்தவுடன் எல்லா ஃபைலின் திருத்த எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்க்ரூவை இறுக்கும் விசையை மட்டும் மெச்சியாக வேண்டும், மோல்டு சாம்பிளில் புரி அழியும்வரை இறுக்கிப் பார்த்து, அதற்குப் போதுமான அளவு கீழே எல்லையை வைத்தார்கள். "கை இறுக்கம்" என்ற என் குறிப்பு அங்கேயே செத்தது.

பேக்கிங் பகுதி சுருக்கம், குறை இல்லை. 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டிக்கு 76 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை போட்டுப் பார்க்கும், இஸ்டா என்ற பேக்கிங் தர அமைப்பின் சோதனை. போட்டார்கள், உள்ளே ஒன்றும் உடையவில்லை.

நடத்தையில் ஒரு விஷயம் உறுத்தியது. மூன்றாம் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு திருத்தம் இலவசம் என்றுதான் இருந்தது, உண்மை. ஆனால் அந்த மூன்றாவது அவர்கள் விட்ட எல்இடி பின்னுக்கும் துணி நூலுக்கும். ஒரு வாரம் மின்னஞ்சலில் இழுபறி, கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள், முகம் சுளிக்காமல் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன்னாலேயே, உங்கள் பிழைக்கான திருத்தம் கணக்கில் சேராது என்று ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ட்ராயிங் எல்லாம் பிடிஎஃப் ஆகவும் 3டி எல்லாம் ஸ்டெப் ஃபைலாகவும் மட்டும் வந்தன. இரண்டிலும் பார்க்கலாம், அளக்கலாம், ஆனால் நாளைக்கு ஒரு ரிப்பை நகர்த்த வேண்டும் என்றால் மூல கேட் (CAD, டிசைன் வரையும் மென்பொருள்) ஃபைல் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். இரண்டு முறை கேட்ட பிறகு மூல ஃபைலும் பிசிபி ப்ராஜெக்டும் அனுப்பினார்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் பேச்சே எடுப்பதில்லை.